மறைத்துக் கொடுக்கும் மருந்து

நம் தங்கையின் மகள் மதுரையில் செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு படித்து வருகிறாள். பயிற்சிக்காக அவளைச் சில வாரங்கள் மனநோய்ப் பிரிவில் அமர்த்தியிருந்தார்கள். அந்நாட்களில் ஒரு ஞாயிறு மாலை நம் வீட்டுக்கு வந்தவள், வழக்கமான கலகலப்பு இல்லாமல் அமர்ந்திருந்தாள். என்ன செய்தி என்று வினவினோம். தன் பாடப் புத்தகத்தில் விடை காணாத கேள்வி ஒன்றை நம் முன் வைத்தாள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்திருக்கிறார். தையல் வேலை பார்க்கும் இளைஞன். சுவருக்கு அப்பால் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றும், தனக்குத் தீங்கு செய்யக் காத்திருக்கிறார்கள் என்றும் அஞ்சி, உறக்கமும் தொழிலும் இழந்து நிற்பவன். முன்னரும் இரண்டு முறை இதே நிலையில் வந்து, மாத்திரையால் தெளிந்து வீடு திரும்பியவன். திரும்பிய சில மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுகிறான். நோய் மீண்டும் வந்துவிடுகிறது. இது மூன்றாம் முறை. அந்தத் தாய், யாரும் அருகில் இல்லாத நேரம் பார்த்து, நம் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்: "நீயும் எங்க வீட்டுப் புள்ள மாதிரிதாம்மா. மாத்திரையைப் பொடிச்சு ஆணத்துல கலந்து கொடுத்தா அவனுக்குத் தெரியாது. கொடுக்கலாமா? அது பாவமாகுமா?"

"மாமு, நான் என்ன பதில் சொல்றது? கொடுங்கன்னு சொன்னா ஏமாத்தச் சொன்ன மாதிரி ஆகுது. கொடுக்காதீங்கன்னு சொன்னா அவரைக் கைவிடச் சொன்ன மாதிரி ஆகுது" என்றாள்.

நாமும் அப்போது உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. ஆணத்திலும் தேநீரிலும் பாயசத்திலும் மாத்திரை கலக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அடுத்த வீட்டுக்கும் தெரியாமல், சம்பந்தம் பேச வருவோருக்கும் தெரியாமல், உண்பவனுக்கும் தெரியாமல் நடப்பது அது. அதைச் செய்யும் தாய்மார்களிடம் வஞ்சகம் இல்லை. அன்பும் அச்சமுமே உள்ளன. ஆயினும் அன்பினால் செய்யப்படுவது எல்லாம் நீதியாகிவிடுமா? இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நோயுற்றது எது?

மகன் மாத்திரையை மறுக்கிறான் என்றதும், பிடிவாதம் என்கிறோம். ஈமானில் குறைவு என்கிறோம். யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்கிறோம். நோயுற்றது எந்த உறுப்பு என்று கேட்பவர் குறைவு.

மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. அந்த ஓடையைக் கடந்து செய்தி செல்வதற்குத் தூதுப் பொருள்கள் தேவைப்படுகின்றன. டோபமின், செரட்டோனின் என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் அத்தூதுவர்களுடையவை.

டோபமின் செய்யும் பணிகளுள் ஒன்று, நம் கண்ணும் காதும் கொண்டுவரும் ஆயிரம் செய்திகளில் எது முக்கியம் என்று அடையாளமிடுவது. மூளையின் சில பகுதிகளில் அது வரம்பு மீறும்போது, முக்கியமில்லாதவையெல்லாம் முக்கியமாகிவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். தெருவில் ஒருவர் இருமுகிறார். அது தனக்கு விடப்பட்ட எச்சரிக்கை என்று நோயாளிக்குத் தோன்றுகிறது. அண்டை வீட்டார் சன்னலைச் சாத்துகிறார்கள். தன்னைப் பற்றிப் பேசத்தான் என்று தோன்றுகிறது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்த சாட்சியம் அப்படிப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. காலில் புண் வந்தால் புண் இருக்கிறது என்று மூளை நமக்குச் சொல்கிறது. மூளையே நோயுற்றால், நோயுற்றிருப்பதை யார் சொல்வது? தீர்ப்பு வழங்க வேண்டிய நீதிபதியே நோயாளியாகப் படுத்திருக்கும் நிலை இது. 'எனக்கு நோயே இல்லை' என்று இந்நோயாளர் பலர் கூறுவது அகந்தையால் அன்று. நோயின் ஒரு கூறு அது.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் தேவை. 'மூளையில் ஒரு சத்துக் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது' என்று எல்லா மனநோய்க்கும் ஒரே கதையைச் சொல்லிவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கு செரட்டோனின் குறைவே காரணம் என்பது நிறுவப்பட்ட உண்மை அன்று. அந்நோய்க்குத் தரும் மாத்திரைகள் பலருக்குப் பயன்படுகின்றன. பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகின்றன. எவ்வாறு பயன்படுகின்றன என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. மனிதன் தூதுப் பொருள்களின் கூட்டல் கழித்தல் மட்டுமே என்று விஞ்ஞானம் நிரூபித்துவிடவில்லை. ரூஹைப் பற்றி நமக்கு அளிக்கப்பட்ட அறிவு சொற்பமே என்று திருமறை கூறுவதை நினைவிற் கொண்டு, நாமும் அவ்விடத்தில் அடக்கத்துடன் நிற்பதே முறை.

டில்லியிலிருந்து ஒரு வேர்

மனநோய்க்கு மாத்திரை என்பது மேல்நாட்டார் கொண்டுவந்த வழக்கம், நம் பெரியவர்கள் அறியாதது என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்காக ஒரு வரலாற்றைக் கூறுவோம்.

சர்ப்பகந்தி என்னும் மூலிகையை வட இந்தியாவில் பாமர மக்கள் பைத்தியத்துக்கு மருந்தாக வழங்கி வந்தனர். 'பாகல் பூட்டி' என்றே அதற்குப் பெயர். பித்தருக்கான மூலிகை என்று பொருள். யூனானி வைத்தியத்தின் பெருந்தலைவராகவும் தேசியப் போராட்டத்தின் முன்னணித் தலைவராகவும் விளங்கிய ஹகீம் அஜ்மல் கான், நம் மூலிகைகளை நவீன இரசாயன முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பி, டில்லி திப்பியாக் கல்லூரியில் அதற்கு வழி செய்தார். அப்பணியை ஏற்றவர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. 1931 இல் அவர் சர்ப்பகந்தி வேரிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். 1927 இல் மறைந்துவிட்ட ஹகீம் அவர்களுக்குச் செலுத்திய நன்றிக்கடன் அது. அதே 1931 இல், கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர்கள், இவ்வேர் பித்தத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக மருத்துவ ஏட்டில் எழுதினர்.

1952 இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் மருந்தைப் பிரித்தார்கள். அதே ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் மனநோயாளருக்கு வழங்கப்பட்டது. மனநோய் மருத்துவத்தின் புதுக்காலம் இவ்விரு மருந்துகளோடு தொடங்குகிறது. அதன்பின் நடந்ததுதான் நம் கேள்விக்கு நெருங்கியது. 1957 இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன், ரிசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்று உட்கார்ந்துவிட்டன. உடலில் டோபமினாக மாறும் பொருளைக் கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின. டோபமின் இல்லையேல் உடலின் அசைவும் இல்லை என்பது இவ்வாறு தெரியவந்தது. இவ்வழி வந்த ஆராய்ச்சிகளுக்காக 2000 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எண்ணத்தில் ஓர் இடத்தில் வரம்பு மீறும் அதே டோபமின்தான், மூளையின் மற்றோர் இடத்தில் கையும் காலும் சீராக இயங்கத் துணை செய்கிறது. குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் அதன் வாயிலை அடைக்கும்போது, காதில் கேட்கும் குரல்கள் அடங்குகின்றன. சிலருக்குக் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை தளர்கிறது. நன்மையும் துன்பமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

எந்த நோயையும் இறைவன் அதற்குரிய நிவாரணமின்றி இறக்கவில்லை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரியில் பதிவாகியுள்ளது. மார்க்கச் சட்டத்தின் நோக்கங்களை ஐந்தாக வகுத்த அறிஞர்கள், அறிவைக் காப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். எனவே மனநோய்க்கு மருந்து உண்பது தவக்குலுக்கு மாறு என்ற வாதம் நிற்காது. மருந்து வேண்டும் என்பதில் அந்தத் தாயோடு நாம் முழுமையாக உடன்படுகிறோம். எவ்வாறு கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

சங்கிலியின் பாடம்

மருந்து கொடுக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை நம் பகுதி கண்ணால் கண்டிருக்கிறது. மதுரைச் சீமையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் மனம் பேதலித்தவர்களை இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள ஏர்வாடிக்கு அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். சாதி மத வேறுபாடின்றி மக்கள் செல்வார்கள். தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் பல தோன்றின. நாட்கணக்கில் தங்க இயலாத குடும்பத்தார், பணம் கட்டி நோயாளியை அங்கே விட்டு வந்தனர். ஓடிவிடாதிருக்கச் சங்கிலியிட்டுக் கட்டினார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அத்தகைய விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, அவ்விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில் ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் கிடைப்பதற்கு அரசு ஏற்பாடு செய்தது. 2018 மே 29 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்திருக்கிறது.

நம் முன்னோர் புகழை மட்டும் பேசி இதைக் கடந்துவிட நாம் விரும்பவில்லை. கெய்ரோவில் 1284 இல் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது பெருமைக்குரியதே. ஆனால் அதற்கு நூறாண்டுக்கு முன் டமாஸ்கஸைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கே மனநோயாளர் சிகிச்சை பெற்றதையும் அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் சேர்த்தே எழுதிவைத்தார். பராமரிப்பும் பிணைப்பும் ஒரே கூரையின் கீழ் வாழக்கூடியவை. ஏர்வாடியில் விட்டு வந்த பெற்றோரும் அன்பில்லாதவர்கள் அல்லர்.

ஆணத்தில் கலக்கும் மாத்திரை, சங்கிலியைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு மென்மையானது என்பதில் ஐயமில்லை. அதனால் ஒருவரும் கருகுவதில்லை. பலர் தெளிந்தும் இருக்கிறார்கள். மறைத்துக் கொடுப்பதை ஆதரிப்போர் கூறும் வாதமும் வலுவானதே. மறுப்பது அவனல்ல, நோய்தான். நோயின் சொல்லை ஏன் மதிக்க வேண்டும்? மூன்றாம் முறை, நான்காம் முறை என்று நோய் திரும்பத் திரும்ப வந்தால் அவன் வாழ்வே சிதைந்துபோகும். தனித்திருக்கும் ஒரு தாய்க்கு வேறு என்ன வழி? இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடுபவர், அத்தகைய வீட்டில் ஓர் இரவும் விழித்திருந்து அறியாதவர்.

தடுப்பது எது?

முதலாவது, நடைமுறை. தன் உணவில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற அச்சம் இந்நோயாளருள் பலருக்கு உண்டு. அவன் ஒரு நாள் தட்டின் அடியில் வெண்மைத் துகளைக் கண்டுவிட்டால் என்ன ஆகும்? அவனது பிரமை அன்றைக்கு உண்மையாகிவிடுகிறது. அதன்பின் தாயின் கைச்சோற்றையும் அவன் நம்ப மாட்டான். கண்டுபிடிக்காமலே இருந்தாலும் கை நடுங்கும். காரணம் அவனுக்குத் தெரியாது. செய்வினை என்றே நினைப்பான். சில மாத்திரைகளைப் பொடித்தால் அவை செயல்படும் முறையே மாறிவிடும். குளோசபின் உண்பவருக்கு இரத்த அணுக்களைத் தவறாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். லித்தியம் உண்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்க வேண்டும்; கொஞ்சம் ஏறினாலும் நஞ்சாகும். லித்தியம் உடலில் இருப்பதை அறியாத ஒருவன், சித்திரை வெயிலில் வியர்வை சிந்தி உழைக்கிறான், அல்லது மருத்துவரைக் கேளாமல் நோன்பு வைக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். உடலில் நீர் வற்றும்போது அம்மருந்தின் அளவு இரத்தத்தில் உயர்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவை அவனிடமிருந்து நாம் எடுத்துவிட்டோம்.

இரண்டாவது, நீதி. மூவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிமொழியை நாம் அறிவோம்: உறங்குபவர், சிறுவர், சித்தம் கலங்கியவர். இதைச் சலுகையாக மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் வளரும் வரை, கலங்கியவர் தெளியும் வரை என்று அதற்கு எல்லையும் கூறப்பட்டுள்ளது. அவனுக்காக நாம் முடிவெடுக்கும் உரிமை நிரந்தரப் பட்டா அன்று; அவன் தெளியும் வரை நம் கையிலிருக்கும் அமானத்து.

அந்-நிஸா அத்தியாயத்தின் 5, 6 ஆம் வசனங்கள் இதற்கு இன்னும் தெளிவான ஒளி தருகின்றன. பொருளைக் கையாளும் பக்குவம் இல்லாதோரிடம் பொருளை ஒப்படைத்துவிட வேண்டாம் என்று அங்கே கட்டளை வருகிறது. அவர்களுக்கு அதிலிருந்து உணவும் உடையும் அளிக்குமாறும் கூறப்படுகிறது. அத்தோடு நிற்கவில்லை, அவர்களிடம் நல்ல சொல் சொல்லுமாறும் சேர்த்தே ஏவப்படுகிறது. அடுத்த வசனத்தில், அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, பகுத்தறிவைக் கண்டதும் அவர்கள் உடைமையைச் சாட்சிகளோடு திருப்பிக் கொடுக்குமாறு சொல்லப்படுகிறது. ஒருவனது தீர்ப்பை நம்ப இயலாத நிலையிலும், அவனுக்கு உணவும் உடையும் மட்டும் கடனல்ல; பேச்சும் கடன். மறைத்துக் கொடுப்பவர் உணவைக் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். மகன் தெளிந்த பிறகும் உண்மையைச் சொல்ல வாய் வருவதில்லை. சொன்னால் நிறுத்திவிடுவான் என்ற அச்சம். ஆக, திருப்பிக் கொடுக்கும் நாள் வராமலே போகிறது. அமானத்து அங்கேதான் முறிகிறது.

அப்படியானால், அவன் மறுத்தால் விட்டுவிடுவதா? அதுவும் முறையன்று. தனக்கோ பிறர்க்கோ ஆபத்து என்னும் நிலையில், மருத்துவர் முடிவின்படி, சட்டம் அனுமதிக்கும் வழியில், அவன் விருப்பத்துக்கு மாறாகவும் சிகிச்சை அளிக்கலாம். ஆனால் வெளிப்படையாக அளிக்க வேண்டும். என்ன கொடுக்கிறோம், ஏன் கொடுக்கிறோம் என்று அவனிடம் கூற வேண்டும். அன்று கோபிப்பான், தெளிந்தபின் பொய் சொல்லப்பட்டதாக அவனுக்குத் தோன்றாது. நாள்தோறும் மாத்திரை உண்ண மனமில்லாதவருக்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. தெளிந்திருக்கும் காலத்தில், 'மறுபடியும் எனக்கு நோய் வந்தால் இன்னவாறு சிகிச்சை செய்யுங்கள், எனக்காக முடிவெடுக்க இன்னாரை நியமிக்கிறேன்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. தெளிந்தவன் தன் கலங்கிய நாட்களுக்குத் தானே எழுதும் வஸிய்யத்துப் போன்றது அது.

இவ்வளவையும் நாம் கூறியபின், நம் பெண்ணிடம் ஒன்று கேட்டோம்: "அவர் ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?" அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யாரும் கேட்ட மாதிரி தெரியலை மாமு. நானும் கேக்கலை" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். குரல்கள் சற்று அடங்கியிருந்த ஒரு காலையில், அவள் அவன் அருகில் அமர்ந்து கேட்டிருக்கிறாள். அவன் தன் வலக்கையை நீட்டிக் காட்டினானாம். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "ஊசியில நூல் கோக்க முடியலக்கா. நூல் கோக்க முடியாதவனை எந்தக் கடையில வேலைக்கு வெச்சுப்பாங்க?" என்றானாம். மூன்று முறை வந்தவனின் பிடிவாதத்துக்கு இதுவே காரணம். டோபமினின் இரு முகங்களைப் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதிய அப்பெண், அன்றுதான் அதைக் கண்ணால் கண்டாள். மருத்துவரிடம் கூறினாள், அவர் மருந்தை மாற்றி, நடுக்கம் தணிய வேறொன்றும் எழுதிக் கொடுத்தார். கை முழுவதும் தேறிவிடுமா, நோய் திரும்பாதிருக்குமா என்பதை இறைவனே அறிவான். இப்போது அந்த மகன் மாத்திரையைத் தாயின் கையிலிருந்து வாங்கி, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டு உண்கிறானாம்.

அந்தத் தாய் பொடித்துக் கலந்திருந்தால், மகன் ஒருவேளை குரல்களிலிருந்து தப்பியிருப்பான். தன் விரல்கள் ஏன் நடுங்குகின்றன என்பதை மட்டும் அறியாமலே, ஊசியைக் கீழே வைத்திருப்பான்.

நம் வீடுகளில் இத்தகைய பிள்ளைகள் இருப்பின், அவர்களுக்கு மருந்தை மறுக்காதிருப்போம், துஆவையும் நிறுத்தாதிருப்போம், இரண்டோடும் அவர்களுக்குரிய பேச்சையும் கொடுப்போம். அதற்கு வேண்டிய பொறுமையை வல்ல இறைவன் நம் தாய்மார்களுக்கும், நோயாளரின் அருகில் நிற்கப்போகும் நம் பெண்மக்களுக்கும் அருள்வானாக.